வெட்டிய மரை, உருட்டிய மரை

உலோக வேலைக் கூடத்தில் நாமெல்லாரும் ஒரு மரையாவது போட்டிருப்போம். வைஸில் கம்பியை இறுக்கி, டையை (உட்புறத்தில் மரை வெட்டும் பற்கள் உள்ள வளையத்தை) மட்டமாக வைத்து, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. பின்னே திருப்ப மறந்தால் சீவல் அடைத்துப் பல் பிய்யும். டை சரிந்து ஏறினால் நட்டு ஆடி ஆடித்தான் இறங்கும். அந்தப் பாடத்தில் விடுபட்டது ஒன்று உண்டு: கடையில் வாங்கும் போல்டின் மரையைப் பெரும்பாலும் யாரும் வெட்டுவதில்லை, உருட்டுகிறார்கள்.

ஆலையில் வேலை கம்பிச் சுருளில் தொடங்கும். சூடேற்றி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கி, அமிலத்தில் கழுவி, பாஸ்பேட்டும் சோப்பும் பூசி, அளவுக்கு இழுப்பார்கள். பிறகு துண்டாக நறுக்கி, சூடாக்காமலே அச்சுக்குள் அடித்துத் தலையை உருவாக்குவார்கள். இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் தள்ளும். பூச்சு சரியில்லாவிட்டால் அச்சு கடிக்கும். கம்பியில் நீளவாக்கில் கீறல் இருந்தால் தலை வெடிக்கும்.

அடுத்ததுதான் உருட்டல். பல் வரிகள் கொண்ட இரண்டு தட்டை அச்சுகள். ஒன்று அசையாது, மற்றது ஓடும். நடுவில் உருளும் தண்டில் பள்ளத்து உலோகம் பிதுங்கி மேடாக எழும். ஒரு துளி சீவல் விழாது. அதனால் 1.5 மி.மீ. புரியிடை (அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளி) உள்ள எம்10 போல்டுக்கு, அதாவது மரையின் வெளிவிட்டம் 10 மி.மீ. உள்ளதற்கு, 10 மி.மீ. தண்டு கூடாது, 9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வேண்டும். தண்டில் வரும் பிழை மரையின் வெளிவிட்டத்தில் சுமார் மூன்று மடங்காகத் தெரியும். தடித்தால் அச்சுப் பல் உடையும். மெலிந்தால் முகடு நிரம்பாது. இரண்டு அச்சும் ஒத்து நிற்காவிட்டால் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறி, மரை செதிலாக உரியும்.

கையில் ஒரு போல்டை எடுத்துப் பாருங்கள். மரையில்லாத தண்டு மரையைவிட மெலிந்திருந்தால் அது உருட்டியது. பூதக்கண்ணாடியில் சில சமயம் முகட்டு நெடுகத் தையல் போல மெல்லிய கோடும் தெரியும்.

தலையில் 8.8 என்றிருந்தால் இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 விழுக்காட்டில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். அந்த வலிமை உலையில் கிடைக்கிறது: சிவக்கச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி குறைந்தது 425 டிகிரியில் பதப்படுத்துவது. உலை வாயு கெட்டால் மேற்பரப்பின் கார்பன் போய்விடும். உள்ளே உறுதியாக இருந்தும் மரை வழித்துக்கொண்டு வரும். 'மரை கழன்ற கேஸ்' அப்படித்தான் உருவாகிறது.

இன்னும் வலிமை கூடிய 12.9 தர போல்டுக்கு மின்முறையில் துத்தநாகம் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூசும்போது புகும் ஹைட்ரஜன் இரும்பை நொறுங்க வைக்கும். இறுக்கும்போது ஒன்றும் ஆகாது. மறுநாள் யாரும் தொடாமலே தலை தெறிக்கும். பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் சுட வேண்டும். அதுவும் முழு உத்தரவாதமல்ல.

நட்டில் மட்டும் நம் வகுப்பு பிழைத்திருக்கிறது. எம்10க்கு அதே 8.5 மி.மீ. துளை, துளைக்குள் மரை வெட்டும் அதே டேப். ஆனால் ஆலை டேப்பின் காம்பு வளைந்திருக்கும். மரை வெட்டிய நட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக் காம்பேறி மறுமுனையில் உதிரும். டேப்பைப் பின்னே திருப்பும் வேலையே இல்லை.