செயலிக்கு எப்போது விடிகிறது? இறுதியாண்டுத் திட்ட அனுபவம்

பினாங்கில் கணினி அறிவியல் படித்தபோது, நாளுக்கு ஒரு குறள் காட்டும் செயலியை இறுதியாண்டுத் திட்டமாகச் செய்தேன். நாள் மாறினால் அடுத்த குறள் வரும்; விடாமல் படித்த நாள்களின் கணக்கில் ஒன்று கூடும். முன்மொழிவில் இதற்கு ஒரு வரிதான். பல வாரங்களைத் தின்றதும் அந்த வரிதான். இந்த வருடம் திட்டம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், கடைசியாகத் திறந்து 86,400 விநாடி, அதாவது 24 மணி நேரம், ஆகியிருந்தால் புது நாள் என்று எழுதினேன். இரவு பத்து மணிக்குப் படித்தவருக்கு மறுநாள் காலையிலும் பழைய குறளே வந்தது. சரி, தேதியையே ஒப்பிடலாம் என்று மாற்றினேன். ஆனால் தேதியை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எடுத்துவிட்டேன். நான் சோதித்ததெல்லாம் காலை பத்துக்கு மேல், அதனால் பிழை கண்ணில் படவில்லை. பட்டர்வொர்த்தில் அம்மா காலை ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டுத் திறப்பார். "நேத்து வந்ததே வருதுப்பா" என்றார். மலேசிய நேரம் யூடிசிக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. என் செயலிக்குக் காலை எட்டுக்குத்தான் நாள் பிறந்திருக்கிறது.

நாள் என்றால் 24 மணி நேரம் என்றும் நம்பாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31 இருபத்து மூன்றரை மணி நேரம்தான். இரவு 11.30க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி 1982 பிறந்தது.

கடைசியில் நிலைத்த வழி எளியது. கைப்பேசியின் உள்ளூர்த் தேதியைச் சேமித்து வையுங்கள். செயலியின் திரை முன்னுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அதை இன்றைய தேதியோடு ஒப்பிடுங்கள். நள்ளிரவில் செயலியை எழுப்ப முயல வேண்டாம், ஆண்ட்ராய்டு மின்கலச் சேமிப்புக்காக அதைத் தள்ளிப்போடும்.

வாய்மொழித் தேர்வில், பயனர் விமானமேறினால் தேதி பின்னால் போகாதா என்று கேட்டார்கள். இதைத் தாளில் போட்டுப் பார்த்திருந்தேன். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போனால் போகாது: நேர வித்தியாசம் இரண்டரை மணி, பயணமோ நாலு மணி போல. ஆனால் டோக்கியோவில் 15ஆம் தேதி நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவர் லாஸ் ஏஞ்சலஸில் 14ஆம் தேதி மாலை இறங்கலாம். அதனால் இன்றைய தேதி, சேமித்ததைவிடப் பிந்தியதாக இருந்தால் மட்டுமே கணக்கைக் கூட்டினேன். அப்புறம் இன்னொரு சிக்கல்: யாராவது தவறுதலாக அடுத்த வருடத் தேதியை வைத்துத் திறந்தால், அந்த நாள் வரும்வரை கணக்கு நகராது. அதனால் இன்றைய தேதி சேமித்ததைவிட ஒரு நாளுக்கு மேல் பின்னால் இருந்தால், சேமித்ததை இன்றைய தேதியாகத் திருத்தும்படி எழுதினேன்.

ஒப்படைக்கும் முன், அமைப்புகளில் தானியங்கி நேரத்தை அணைத்து இரவு 11.59 வையுங்கள். செயலியைத் திறந்தபடியே ஒரு நிமிடம் காத்திருங்கள். திரை ஏற்கெனவே முன்னால் இருப்பதால் மேலே சொன்ன ஒப்பீடு அங்கே ஓடாது. திறந்திருக்கும்போது மட்டும் தேதி மாறும் அறிவிப்பைக் கேட்கும்படி தனியாக எழுத வேண்டும்.