சிவப்பு முக்கோணத்தை அழுத்தினால் தமிழ் வருமா?

மொரிசியசில் ரோஸ் ஹில் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். இப்போதெல்லாம் ஆசிரியர்கள் கூடினாலே பேச்சு "விளையாட்டு வழிக் கற்றல்" என்றுதான் ஆரம்பிக்கிறது. எனக்கும் பிடித்த விஷயம்தான், ஆனால் அந்தப் பெயரில் காட்டுகிற பாதிச் சரக்கு பழைய கேள்வித்தாளேதான், மேலே கொஞ்சம் நட்சத்திரமும் டிங் டிங் சத்தமும் ஒட்டியிருப்பார்கள், அவ்வளவு.

கஹூட் என்ற வினாடி வினாச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் நார்வேயிலிருந்து வந்தது, இங்கேயும் எல்லாருக்கும் தெரியும். திரையில் ஒரு கேள்வி, கீழே சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்று நான்கு விடை. சீக்கிரம் அழுத்தினால் புள்ளி கூடும். வகுப்பே அதிரும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆகா என்பார்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் தமிழே இருக்காது. "ரூஸ்! ரூஸ்!" என்று எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சிவப்பைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள். 'பூனை' என்று முழுக்க வாசிக்கக்கூட வேண்டாம், முதல் எழுத்தின் சுழியைப் பார்த்தே அழுத்திவிடலாம். படித்ததை நினைவூட்ட அது சரி, புதிதாகப் பேச்சு வர அது உதவாது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆய்வு ஞாபகம் வரும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இருவர் 2008-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பாலர் வகுப்புப் பிள்ளைகளிடம் பரமபதம் மாதிரி ஆனால் ஒரே வரிசையில் பத்துக் கட்டம் உள்ள ஒரு பலகையைக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள், இன்னொரு குழுவுக்கு வெறும் நிறங்கள். காயை நகர்த்தும்போது கட்டத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் மொத்தம் ஒரு மணி நேரம் போல விளையாடியிருப்பார்கள். எண் பலகையில் ஆடிய பிள்ளைகளுக்கு எது பெரியது எது சிறியது என்ற எண்ணறிவு தெளிவாகவே கூடியிருந்தது, நிறப் பலகைக்காரர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு குழுவும் ஆடியது கிட்டத்தட்ட ஒரே ஆட்டம், சந்தோஷத்திலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. எதைச் சொன்னால் காய் நகருமோ அதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. என் வகுப்பில் கஹூட் போட்டால் அது நிறப் பலகைதான்.

அதனால் நான் ஓர் ஆட்டத்தைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்று: தமிழ் பேசாமல் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் எனக்கு வேண்டாம்.

பல்லாங்குழி இந்தச் சோதனையில் பாதிதான் தேறும். பதினான்கு குழி, புளியங்கொட்டை, குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளலாம். முட்டை அட்டையை வெட்டியே செய்துவிடலாம், காசு செலவில்லை. கணக்குக்கு அருமையான ஆட்டம், முன்கூட்டி எண்ணிப் பார்க்காதவன் தோற்றுப்போவான். ஆனால் மனதுக்குள் பிரெஞ்சில் எண்ணினாலும் ஆட்டம் நடக்கும். அதனால் ஒரு விதி சேர்த்தேன், ஒவ்வொரு கொட்டையும் போடும்போது தமிழில் உரக்க எண்ண வேண்டும், நான்குக்கு "காத்ர்" என்று பிரெஞ்சில் வாய் தவறினால் எதிராளிக்கு ஆட்டம். எதிராளிதான் காவல்காரன், நான் பக்கத்தில் இருக்கவே வேண்டாம்.

கடை விளையாட்டு இன்னும் நல்லது. கடைக்காரருக்குக் கிரியோல் தெரியாது என்பது விதி. எங்கள் ஊர் ரூபாய் நோட்டுகளிலேயே தமிழ் அச்சடித்திருப்பதால் மிச்சம் வாங்கும் முன் அந்த எழுத்தை வாசித்துக் காட்ட வேண்டும். (1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று ஊரே கொதித்து, கடைசியில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக இன்னும் யாரும் கொதித்து நான் பார்க்கவில்லை.)

ஆனால் நிஜமாகவே களை கட்டுவது விடுகதைதான், அதுவும் எங்கள் ஊர் விடுகதை. கதை சொல்கிறவர் "சிராந்தான்!" என்பார், கேட்பவர்கள் "சாம்பெக்!" என்று பதில் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் புதிர். நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. தொங்குகிற தண்ணீர்? தேங்காய். பாட்டியிடம் கிரியோலில் கேட்டு வந்து வகுப்பில் தமிழில் போட வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். மற்றவர்களை மடக்க வேண்டும் என்ற வெறியில் நடக்கிற, ஓடுகிற, தூங்குகிற என்று அவர்களே சொல் தேடி வந்து என்னைப் பிடுங்குவார்கள், இலக்கணப் பாடத்தில் அதே பெயரெச்சத்துக்குக் கொட்டாவி விட்டவர்கள்தான் இவர்கள். விடை தெரிந்தவன் ஒருவன், தெரியாதவர்கள் மற்றவர்கள், நடுவில் தமிழைத் தவிர வேறு வழி இல்லை. இதற்கு டேப்லெட்டும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

பரிசு வேண்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். மிட்டாய், ஸ்டிக்கர் எதுவும் நான் கொடுப்பதில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த சோதனை இதற்குப் போதும். படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே ஆசை காட்டினார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். சும்மா விளையாடுகிற பிள்ளைக்குக் கூலி கொடுத்து வேலைக்காரனாக்குவானேன்?

பெற்றோரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ஆறாம் வகுப்பு முடிவில் தேர்வு, அதற்குத் தனியாக டியூஷன், "மிஸ், நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே" என்ற குறை. அதனால் விடுகதைகளை மட்டும் நோட்டில் எழுத வைக்கிறேன், விடையை எழுத விடுவதில்லை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.