அப்பா அம்பாசிடருக்கு அளந்து கட்டிய ஷெட்

எங்கள் வீட்டை ஒட்டினாற்போல ஒரு கார் ஷெட் இருக்கிறது. கார் கிடையாது. 1996-இல் அப்பா காரைக்குடி செக்காலைப் பக்கம் இந்த வீட்டைக் கட்டியபோது, எப்படியும் ஒரு பழைய அம்பாசிடராவது வாங்கிவிடுவோம் என்று தெரிந்தவர் ஒருவரின் வண்டியை டேப் பிடித்து அளந்துகொண்டு வந்தார். பதினாலு அடிச் சொச்சம் நீளம், ஐந்தரை அடி அகலம். கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டுமே என்று 10-க்கு 16 போட்டார். அம்பாசிடர் வரவில்லை. நெல் மூட்டை வந்தது, உடைந்த சைக்கிள் வந்தது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமான பந்தல் கயிறு வந்தது. நான் சிங்கப்பூர் ஷிப்யார்டில் பதினாறு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு 2021-இல் ஊருக்கு வந்தபோது, அந்தக் கயிறு அப்படியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரும்பு எனக்குப் பழக்கம். மரம் பழக்கமில்லை. ஆனால் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு மரத்தைத் தொடாமல் இருப்பது எப்படி? இடித்த வீடுகளின் நிலையும் உத்தரமும் கைமரமும் ரோட்டோரம் அடுக்கிக் கிடக்கிற ஊர் இது. ஷெட்டைப் பட்டறையாக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "ஸ்கூட்டி எங்கே நிற்கும்?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. ராத்திரி ஸ்கூட்டி உள்ளே நிற்கும், பகலில் பட்டறை என்று முடிவாயிற்று. இந்த ஒரு நிபந்தனைதான் ஷெட்டில் எது எங்கே இருக்கும் என்பதில் பாதியைத் தீர்மானித்தது.

முதல் தப்பு, சாமான் வாங்கிவிட்டு இடம் பார்த்தது. ஒரு வட்ட ரம்ப மெஷின், பத்து அங்குல பிளேடு, வாங்கி நடு ஷெட்டில் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். எட்டடி மரத்தை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் எட்டடி வேண்டும், பின்னால் எட்டடி வேண்டும். ஆக பதினாறு. ஷெட்டே பதினாறுதான். நான் எங்கே நிற்பது? ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, மெஷினைத் தூக்கி ஷட்டருக்கு ஐந்தடி உள்ளே, வாசலைப் பார்த்து வைத்தேன். இப்போது ஷட்டரைத் தூக்கிவிட்டால் அறுத்த மரம் நேராக வெளியே போய்ப் போர்டிகோவில் தலை நீட்டும். அங்கே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன், மரம் அதில் சாய்ந்துகொள்ளும். தெருவில் போகிறவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை. சின்ன ஷெட் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்கும் முன் நீளமான மரம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மேஜை, அலமாரி, ஆணி டப்பா எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் தரை. கார் ஷெட் தரை மட்டமாக இருக்காது. கழுவிய தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். எங்கள் ஷெட்டில் பின்சுவரிலிருந்து ஷட்டர் வரை இரண்டரை அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். எல்லாவற்றையும் நகர்த்திக்கொள்ளலாம் என்று வேலை மேஜைக்கு நாலு சக்கரம் மாட்டியிருந்தேன். ஒருநாள் பிரேக்கைப் போட மறந்துவிட்டு டீ குடிக்க உள்ளே போனேன். மேஜை தானாகக் கிளம்பிப் போய் ஸ்கூட்டியின் ஹெட்லைட்டில் முட்டி நின்றது. அதற்கப்புறம் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கொத்தனார்கள் பிடிப்பது போலத் தண்ணீர் டியூப் பிடித்து நாலு மூலையையும் அளந்து, ஒவ்வொரு காலையும் தனித்தனி உயரத்துக்கு வெட்டினேன். மேஜைக்கு முன்கால் நீளம், பின்கால் குட்டை. இந்த ஷெட்டைத் தவிர வேறெங்கேயும் அது ஆடாமல் நிற்காது.

தரைக்கு ஆத்தங்குடி கல் போடலாமே என்றாள் மனைவி. அவளுக்கு அந்தக் கல் மீது ஆசை. எனக்கும்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கட்டத்துக்குக் கட்டம் கலர் சிமெண்டை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கையாலேயே செய்கிறார்கள். ஆத்தங்குடிக்குப் போனால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் என் கையிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை சுத்தியல் விழும். அந்தக் கல்லின் மேல் விழுந்தால் மனசு கேட்காது. சிமெண்டுத் தரையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நிற்கிற இடத்தில் மட்டும் பழைய ரப்பர் பாய் போட்டேன். நாள் முழுக்க சிமெண்டில் நின்றால் குதிகால் என்ன ஆகும் என்று ஷிப்யார்டுக்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மேஜை உயரம் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வாங்குகிற மேஜை சாப்பிடவும் எழுதவும் செய்தது, இழைப்புளி தள்ளுவதற்கு ஆகாது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிகிற இடம் வரை அளந்தேன். எனக்கு 32 அங்குலம். தோளால் தள்ளாமல் உடம்பால் தள்ள அதுதான் தோது. மேல்பலகை, தேவகோட்டைப் பக்கம் இடித்த வீட்டின் ஒற்றைக் கதவு. கொண்டி இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது, பென்சில் போட்டுவைக்க வசதி.

கரண்ட் விஷயத்தில்தான் கொஞ்சம் பயந்தேன். வீட்டு வயரிங் பண்ணியவர் ஷெட்டுக்கு ஒரு லைட், ஒரு பிளக் என்று மெல்லிய வயரில் முடித்திருந்தார். வந்த புதிதில் கிரைண்டரைப் போட்டதும் லைட் மங்கும். ஒருநாள் ரம்பம் ஓடும்போது மொத்தமும் டிரிப் ஆயிற்று. சாயங்காலம் ஆறரை மணி, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பிளேடு இன்னும் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்படியே சிலை மாதிரி நின்றேன். மறுநாளே மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். வயர் தனியாக இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) போட்டு, லைட்டை மட்டும் வேறு லைனில் கொடுக்கச் சொன்னேன். மெஷின் நின்றாலும் வெளிச்சம் நிற்கக் கூடாது. செலவில் எதையாவது குறைப்பதென்றால் இதில் குறைக்காதீர்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் ரூம். வீட்டோடு ஒட்டிய ஷெட் என்றால் இந்தச் சுவர்தான் பெரிய பாடு. சத்தம் காற்று வழியாகப் போவதைவிடச் சுவர் வழியாகப் போவது அதிகம். மேஜையைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டிருந்தேன். உளியில் நான் ஒரு தட்டுத் தட்டினால் அந்தப் பக்கம் அம்மாவின் கட்டிலில் கேட்கும். "ஏப்பா, மாவு மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு" என்றது அம்மா. போல்ட்டை எடுத்துவிட்டு மேஜையை ஒரு ஜாண் தள்ளிவைத்து, கால்களுக்கு அடியில் டயர் ரப்பர் வெட்டிப் போட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை மெஷின் ஓடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் ஓட்டவும் முடியாது என்பது வேறு விஷயம். மேலே சிமெண்டு ஷீட்டு, ஷட்டர் மேற்கு பார்த்தது. சித்திரை, வைகாசியில் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டால் சுடும். என் வேலை விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு முடிகிறது. ஏழு மணி வரை கைச்சாமான், அப்புறம்தான் மெஷின்.

மரத்துக்கு வருகிறேன். பழைய மரக்கடையில் மூன்று கைமரம் எடுத்தேன், நாலுக்கு மூன்று, ஒன்பது அடி. "ரங்கூன் தேக்கு தம்பி, இழைச்சுப் பாரு, வாசம் சொல்லும்" என்றார் கடைக்காரர். மேலே நூறு வருஷப் புகையும் சுண்ணாம்பும். ஒரு தடவை இழைத்ததும் உள்ளே தேன் நிறம், புது மரத்தில் வராத ஒரு எண்ணெய் வாசம். மயங்கிவிட்டேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மேலெல்லாம் ஓட்டி, பதினேழு ஆணியைப் பிடுங்கினேன். பதினெட்டாவது ஆணிக்குத் தலை இல்லை, உள்ளே புதைந்து கிடந்திருக்கிறது. பிளேடில் மூன்று கார்பைடு பல் போயிற்று. அதிலிருந்து பழைய மரத்துக்கு என்று ஒரு தேய்ந்த பிளேடைத் தனியாக வைத்திருக்கிறேன், முதல் அறுப்பு எப்போதும் அதில்தான். ஆணி இல்லாவிட்டாலும் தேக்கு பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது.

அந்த எண்ணெய்ப் பசைக்கு இன்னொரு குணமும் உண்டு. முதலில் செய்த ஸ்டூலின் மூட்டு மூன்றாம் நாள் கையோடு வந்தது. பசையைத் திட்டினேன். தப்பு பசையில் இல்லை. தேக்கை இழைத்துவிட்டு நாள் கணக்கில் வைத்திருந்து ஒட்டினால், எண்ணெய் மேலே வந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். இப்போது ஒட்டுவதற்கு முன் ஒரு சீவு சீவி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்ததும் உடனே பசை போடுகிறேன். தூளும் லேசுப்பட்டதில்லை. கழுத்தில் பட்டால் அரிக்கும், மூக்கில் போனால் தும்மல் நிற்காது. மாஸ்க் இல்லாமல் ரம்பத்தைத் தொடுவதில்லை.

ஒரு விஷயத்தில் ஷிப்யார்டு எனக்குள் ஊறிவிட்டது. கிரைண்டரில் இரும்பை வெட்டும் வேலை ஷெட்டுக்குள் கிடையவே கிடையாது. மூலையில் ஒதுங்கிய தேக்குத் தூளில் ஒரு பொறி விழுந்தால் உடனே பிடிக்காது, புகைந்துகொண்டே இருக்கும், நாம் சாப்பிடப் போன பிறகு பிடிக்கும். கப்பலில் வெல்டிங் முடிந்தால் அரைமணி நேரம் ஒருத்தன் சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கே சம்பளம். இங்கே கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் வெட்டுகிறேன், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில்.

கடைசியாக இழைப்புளி. மெஷினுக்குச் செலவழித்த பிறகு கைச்சாமான் புதிதாக வாங்கக் காசில்லை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் எனாமல் தூக்குக்கும் மரப்பாச்சிக்கும் நடுவே ஒரு இரும்பு இழைப்புளி கிடந்தது. துரு என்றால் துரு, கருவாடு மாதிரி. வாங்கி வந்து எதிர்வீட்டு ஐயாவிடம் காட்டினேன். அவர் சிக்ரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் அது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்வது அங்கே ஒரு முழுநேர வேலை. துருப்பிடித்த சாமானோடு நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது, சமையல்காரரிடம் பசிக்கிறது என்று சொன்ன மாதிரி.

"உப்புத்தாளைக் கீழே வை" என்றார். பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், மூன்று ஸ்பூன் சலவைச் சோடா. பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் அவருடையது. புது மாடல் எதிரில் பேட்டரி இருந்தால்தான் வேலை செய்யும், இதற்கு உதவாது. நெகட்டிவை இழைப்புளிக்கு, பாசிட்டிவை ஒரு துண்டு கட்டுமானக் கம்பிக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் கம்பி தப்பிக்கும், இழைப்புளி கரையும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைப் போடலாமா என்றேன், பளபளப்பாக இருக்கிறதே என்று. முறைத்தார். அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்குமாம். வெளியில் வைத்துச் செய், பீடி பிடிக்கிறவனைப் பக்கத்தில் விடாதே, வருவது ஹைட்ரஜன் என்றும் சொன்னார்.

சுவிட்சைப் போட்டதும் இழைப்புளியின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மேல் காவி நிற நுரை. சாயங்காலம் வெளியே எடுத்தபோது சிவப்பு போய்க் கரி பூசியது போல இருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தேன். கரி வழிந்து ஓட, பக்கவாட்டில் முதலில் ஒரு எழுத்து, அப்புறம் இரண்டு, கடைசியில் ஷெஃபீல்டு என்று முழு வார்த்தையும் வந்தது. ஐயாவைக் கூப்பிட ஓடினேன், திரும்பி வருவதற்குள் லேசாக ஆரஞ்சு படர ஆரம்பித்திருந்தது. "துடைக்காம வந்துட்டியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். துடைத்து, வெயிலில் காட்டி, தையல் மெஷின் எண்ணெய் பூசினோம். கடலை எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும்.

அந்த இழைப்புளியின் முதல் வேலை அம்மா ரூம் கதவு. ஐப்பசி மழை வந்தால் உப்பிக்கொண்டு நிலையில் இடிக்கும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். கீழ் ஓரத்தில் நாலு இழை இழைத்தேன். இப்போது விரலால் தள்ளினால் போகிறது. "இப்போ நீ தட்டுறது இன்னும் நல்லாக் கேட்குது" என்றது அம்மா. கதவுக்கு அடியில் ஒட்ட ரப்பர் பட்டை வாங்க வேண்டும்.

வாளியில் இப்போது இரண்டு உளி கிடக்கிறது. சார்ஜரை ஐயா நாளைக்குள் கேட்டிருக்கிறார், பேரன் பைக்குக்கு வேண்டுமாம்.