குடும்பமாக உட்கார்ந்து 50 சுகாதாரப் பைகள் கட்டுவது எப்படி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து யாருக்காவது உதவ வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, சோப்பு, பற்பசை, துண்டு போன்றவற்றைப் போட்டுக் கட்டும் சுகாதாரப் பையைத்தான் சொல்வேன். வீடற்றோர் காப்பகம், வெள்ள நிவாரண முகாம், நோயாளிக்குத் துணையாக வந்து மருத்துவமனை வராந்தாவில் படுத்திருப்பவர்கள் என எங்கும் அதற்குத் தேவை இருக்கிறது. சமைத்த உணவைப் போல ஒரே நாளில் கெட்டுப்போகாது. ஆறு வயதுக் குழந்தைக்கும் முட்டி வலிக்கிற பாட்டிக்கும் அதில் உட்கார்ந்தபடியே செய்ய வேலை உண்டு.

கடைக்குப் போவதற்கு முன், கொடுக்கப்போகும் இடத்தின் பொறுப்பாளருக்குப் போன் செய்யுங்கள். இப்போது ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள்? எந்தப் பொருள் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது? எதை உள்ளே விடுவதில்லை? எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் வாங்கிக்கொள்வார்கள்? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சவர பிளேடு, கண்ணாடிக் குப்பி, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம் ஆகியவற்றை ஏற்காத காப்பகங்கள் நிறைய. குடியிலிருந்து மீள முயல்பவர்களும் அங்கே இருப்பார்கள் அல்லவா? அப்படி ஒரு பொருள் ஒரு பையில் இருந்துவிட்டால், மிச்சம் 49 பையையும் பணியாளர்கள் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

அடுத்து, பை எத்தனை நாளுக்கு என்று முடிவு செய்யுங்கள். அளவுக்கு ஒரு நல்ல அடிப்படை இருக்கிறது. பேரிடர் நிவாரணத்தில் பல நாடுகளிலும் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு, ஒருவருக்கு மாதத்துக்குக் குளியல் சோப்பு 250 கிராம், துணி சோப்பு 200 கிராம் என்கிறது. அந்தக் கணக்கில் 100 கிராம் சோப்பு ஏறக்குறைய 12 நாள் வரும். ஓட்டல்களில் கிடைக்கும் 15 கிராம் சோப்பு இரண்டு நாளைக்குக்கூட வராது. சிறிய சோப்புகளாகப் போட்டால் பை நிறைந்தது போலத் தெரியுமே தவிர, வாங்குபவருக்குப் பயன் குறைவு.

மாதவிடாய் பேடிலும் இதே தவறுதான் நடக்கிறது. எல்லாப் பையிலும் இரண்டிரண்டு போட்டால் யாருக்கும் ஒரு நாள்கூட ஓடாது. ஸ்பியர் அளவு மாதத்துக்கு 15. பணம் போதாவிட்டால் பைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பேடைக் குறைக்காதீர்கள். உள்ளாடை இல்லாதவருக்குப் பேடு உதவாது என்பதால், புது உள்ளாடையும் வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

12 நாள் பைக்கு என் பட்டியல்: மூடி போட்ட பல் துலக்கி, சிறிய பற்பசை, 100 கிராம் குளியல் சோப்பு, சோப்பு டப்பா, சீப்பு, கைத்துண்டு, நகவெட்டி, ஷாம்பு பாக்கெட் நான்கு; பெண்கள் பையில் மேலே சொன்ன பேடும். சோப்பு டப்பாவை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். பொதுக் குளியலறைக்கு எடுத்துப்போய்த் திரும்பும்போது ஈரச் சோப்பை வைக்க வேறு வழி இல்லை. நகவெட்டியை மட்டும் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

இனி கட்டும் நாள். நீள மேசையில் பொருள்களைப் பையில் இறங்கும் வரிசையிலேயே அடுக்குங்கள்: துண்டு முதலில், பற்பசை கடைசியில். ஒவ்வொரு பொருளையும் பத்துப் பத்தாக எண்ணி, சரியாக 50 மட்டும் மேசையில் இருக்கட்டும். உபரி வேறு அறைக்குப் போகட்டும். இதுதான் முக்கியம். கடைசியில் மேசையில் ஒரு சீப்பு மிஞ்சினால், ஏதோ ஒரு பையில் சீப்பு இல்லை என்று அர்த்தம். உபரியும் மேசையிலேயே கிடந்தால் அது தெரியவே தெரியாது. பையில் போடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள்தான் பொறுப்பு. பேச்சு சுவாரசியத்தில் இரண்டு பொருள் போடுபவரிடம்தான் ஒன்று விட்டுப்போகும்.

முடிந்த பைகளைச் சமையலறைத் தராசில் வையுங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எடை காட்டும். சோப்போ பற்பசையோ விடுபட்ட பை உடனே தெரிந்துவிடும். சீப்பு போன்ற இலேசான பொருளுக்கு எடையை நம்ப முடியாது; அதற்கு மேசைக் கணக்குதான்.

ஷாம்பு பாக்கெட்டுகளைத் தனியாக ஒரு ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். பெட்டிகளை மேலே மேலே அடுக்கும்போது அழுத்தத்தில் ஒன்று பிதுங்கினாலும் துண்டு தப்பிக்கும். உண்ணும் பொருள் எதையும் இந்தப் பையில் சேர்க்கவே கூடாது. மூடிய கவரையும் தாண்டிச் சோப்பு வாசனை ஏறிவிடும். பசியோடு இருப்பவர் அதை வாயில் வைக்க முடியாமல் தூக்கிப் போடுவார்.

வாழ்த்து அட்டை வரையக் குழந்தைகளுக்கு ஆசையாக இருக்கும். வரையட்டும், ஆனால் முழுப்பெயர், பள்ளி, போன் எண் எழுத வேண்டாம். வாங்குபவரின் நிலையைச் சுட்டும் வரிகளும் வேண்டாம். ‘ஏழைகளுக்கு அன்புடன்’ என்ற அட்டையை யார்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்?

கூடவே பழைய துணியும் தரலாமா என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டிருந்தால் தரலாம். துவைத்து, முழுக்கக் காயவைத்து, ஜிப், பொத்தான் பார்த்து, அளவுவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பெட்டியில் கொடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த ஒரு சட்டையின் பூஞ்சை பெட்டி முழுக்கப் பரவும். காலணிகளை ஜோடியாகக் கட்டிவிடுங்கள். பயன்படுத்திய உள்ளாடை கூடாது.

பேரிடர் முகாமுக்கு நல்ல எண்ணத்தில் அனுப்பப்பட்டுக் கெடுதல் செய்பவை இரண்டு. ஒன்று, குழந்தைகளுக்கான பால்பவுடரும் பால் புட்டியும். சுத்தமான தண்ணீரும் புட்டியைக் கொதிக்கவைக்க எரிபொருளும் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கில் முடியும், தாய்ப்பாலும் குறையும். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கு மருத்துவக் குழுவினர் பார்த்துக் கொடுப்பார்கள். இன்னொன்று, வீட்டில் மிஞ்சிய மருந்து. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்கு 4,000 டன் அளவுக்கு மருந்து வந்தது. அதில் பெரும்பகுதியின் அட்டையில் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழி. நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியதாயிற்று.

கொண்டுசேர்க்கும் பெட்டி ஒவ்வொன்றும் 10 கிலோவைத் தாண்ட வேண்டாம். அங்கே தூக்குபவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். பெட்டியின் மேற்புறத்திலும் இரு பக்கமும் ‘சுகாதாரப் பை, பெண்கள், 12 பைகள்’ என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள். மேலே மட்டும் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. வாங்குபவர்களைப் படம் பிடிக்காதீர்கள், முகத்தை மறைத்துக்கூட. பணம் தந்த உறவினர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால், கட்டி முடித்த மேசையின் படமும் கடை ரசீதும் போதும்.

ஒரு மாதம் கழித்துப் பொறுப்பாளருக்கு மறுபடி போன் செய்து, எது முதலில் தீர்ந்தது, எது குப்பைத்தொட்டியில் கிடந்தது என்று கேளுங்கள். அடுத்த பட்டியலை அந்தப் பதிலை வைத்துப் போடுங்கள்.