தலைக்கு இவ்வளவு

சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. திருநெல்வேலியில் எங்கள் கட்டட சைட்டில் உள்ளூர்க் கையாளுக்கு அப்போது 900 ரூபாய், வடக்கத்திப் பையனுக்கு 750. ஆனால் அவனுக்குத் தங்குமிடமும் கேஸும் நாங்கள் தருகிறோம், கூட்டிக்கழித்தால் சரியாகிவிடும் என்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் சித்தாளாக இருந்த ஒரு அக்கா அதைக் கேட்கவில்லை. சனிக்கிழமை பட்டுவாடாவில் காசை எண்ணி முந்தியில் முடிந்துகொண்டே, "தம்பி, அவங்களுக்கு வீடு நீங்க புடிச்சுக் குடுக்கீய. எங்களுக்கு ஆரு புடிச்சுக் குடுப்பா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. நான், "வீட்டு ஓனர்ட்ட பேசிப் பாருங்கக்கா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலை இன்றுவரை நான் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். அவர் குடியிருந்த வளவில், அதாவது ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த வீடுகளில், ஒரு வீடு காலியானது. நான்தான் பையன்களுக்குப் பேசினேன். குடும்பம் 4,000 கொடுத்த வீடு. தலைக்கு 800 வீதம் பன்னிரண்டு பேருக்கு 9,600. அடுத்த ஆடியில் மற்ற வீடுகளுக்கும் வாடகையை ஏற்றிக் கேட்டார் உரிமையாளர். அக்கா தச்சநல்லூர் தாண்டிப் போய்விட்டார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது, ஆகவே காசு போகவில்லை. நேரம் போனது. எட்டு மணிக்கு வந்தவர் ஒன்பதுக்கு வந்தார். ஒன்பதுக்கு வருகிற சித்தாளை எந்த மேஸ்திரியும் விரும்பிக் கூப்பிட மாட்டார்.

வாடகையை ஏற்றச் சொன்னது நான் இல்லையே. வெளிமாநில ஆட்களுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்றுதானே அப்போது நடப்பில் இருந்த 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது? சொன்னது. ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குச் சமமான கூலி என்றும் அதே சட்டம்தான் சொன்னது. வீட்டையும் கேஸையும் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்று அதில் எங்கும் இல்லை.

பையன்கள் வந்ததால் கூலி விழுந்ததா என்பதற்கு நேரான பதில் கிடையாது. எங்கள் சைட்டில் கொத்தனார் கூலி ஏறத்தான் செய்தது. கைக்குப் பத்து ஆள் இருந்தால் அவருக்கு வேலை ஓடும். கையாள் கூலி அப்படியே நின்றது. சித்தாளுக்குக் கூலி குறையவில்லை, வேலை நாள்தான் குறைந்தது. கான்கிரீட் போடும் நாளில் வரிசையாக நின்று சட்டி மாற்றிய பெண்களை முதலில் அனுப்பியது லிப்ட் வைத்த மிக்சர் மிஷின். மிச்சமிருந்த வேலைக்குப் பையன்கள் வந்தார்கள்.

பெரிய பெரிய ஆட்களே இதில் ஒத்துப்போகவில்லை. 1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களுக்குள் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். மயாமி நகரத்தில் வேலைக்கு நிற்பவர்கள் எண்ணிக்கை 7 சதவீதம் கூடிவிட்டது. உள்ளூர்க்காரர் கூலி குறையவில்லை என்று 1990-ல் எழுதினார் டேவிட் கார்டு என்ற பொருளாதார அறிஞர். பின்னால் 2021-ல் நோபல் பரிசு பெற்றவர். ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர், அவரே கியூபாவில் பிறந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்து, 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்தது என்றார். பெண்களை ஏன் விட்டீர்கள் என்று மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது. இவர்கள் சண்டை முழுக்கக் கூலியைப் பற்றி. வாடகையைச் சொல்லவே காணோம்.

வடக்கத்தி ஆளை நாங்கள் எடுப்பது 150 ரூபாய் மிச்சத்துக்காக மட்டும் இல்லை. சித்திரையில் ஒரு கோயில் கொடை, ஆடியில் ஒரு கொடை, நடுவில் சடங்கு, கல்யாணம் என்று நம் ஆள் ஊருக்குப் போனால் சைட் படுத்துவிடும். பையன்கள் ஹோலிக்கோ சத் பூஜைக்கோ மொத்தமாகப் போவார்கள், மற்றபடி கூப்பிட்ட நேரத்துக்கு நிற்பார்கள். நிற்க முடிவது எதனால்? பக்கத்திலேயே வீடு, அதில் பிள்ளைகுட்டி இல்லை. அந்த வீட்டைத்தான் அக்கா கேட்டார்.

அவர் பையன்களைக் குறை சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவர் கணவர் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போய், ஒரே அறையில் பத்துப் பேரோடு படுத்து எழுந்தவர். வளவில் ஒரே கக்கூஸ், தண்ணீர் வருகிற நேரத்தில் பன்னிரண்டு குடம் கூடுதல், அதற்கு மட்டும் முணுமுணுப்பு இருந்தது. இன்னொரு பக்கம், கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்கு வரியாகப் போகிறது. பையன்கள் தூக்கிய செங்கலுக்கும் சேர்த்துத்தான் அது. எங்கள் பையன்களில் ஒருவனிடமும் வாரிய அட்டை கிடையாது. அக்காவிடம் இருக்கிறது. மகள் படிப்புக்கு உதவித்தொகையும் வாங்கியிருக்கிறார். யார் யாருடையதை எடுத்தார்கள் என்று இதில் எப்படிச் சொல்வது?

அடுத்த சைட் மேலப்பாளையம் பக்கம். முதலாளி வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை தலைக்கு இவ்வளவு என்று பேசாமல், வீட்டுக்கு மொத்தமாக ஒரு வாடகை பேசலாம் என்று புரோக்கரிடம் சொன்னேன். "அப்பவும் குடும்பத்துக்காரன் குடுக்கதவிடக் கூடத்தான அண்ணாச்சி குடுப்பிய?" என்றார். கூடத்தான் கொடுப்போம். இல்லாவிட்டால் பன்னிரண்டு ஆண்களுக்கு யாரும் வீடு தர மாட்டார்கள்.