விளக்கமறியல் முதல் சாரம் வரை: தம்பி திரும்பி வந்த 32 நாட்கள்

விடியற்காலை நாலரை மணிக்குப் பக்கத்துப் படகுக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அக்கரைப்பேட்டையிலிருந்து தம்பி போன விசைப்படகைப் பருத்தித்துறைக்கு வடக்கே இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது, எல்லை தாண்டியதாக வழக்கு, மொத்தம் 10 பேர். அம்மா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இதே நிலையில் நாளைக்கு வேறொரு வீடு நிற்கலாம், அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கே காகிதங்களை எடுத்து வையுங்கள். ஆதார், குடும்ப அட்டை, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று எல்லாவற்றுக்கும் நாலைந்து நகல் வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் நிற்க, மீன்வளத்துறையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுத்தோம். அது சென்னை போய், டெல்லி வெளியுறவு அமைச்சகம் போய், கொழும்புத் தூதரகத்துக்கும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் போக வேண்டும். நாகையிலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் சுமார் நாலு மணி நேரம்தான். அவ்வளவு கிட்டத்தில் தம்பி இருக்கிறான் என்பதுதான் அந்த நாட்களில் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாம் நாள் யாழ்ப்பாண வழக்கறிஞர் ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசினார். "அவையளுக்குப் பதினாலு நாள் விளக்கமறியல், தங்கச்சி. அடுத்த தவணையில கதைப்பம்" என்றார். விளக்கமறியல் என்று காதில் விழுந்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏதோ இருட்டறையில் போட்டு விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நம் ஊரில் நீதிமன்றக் காவல் என்கிறோமே, அதுதான். தவணை என்றால் வாய்தா. நமக்குத் தவணை கடன் கட்டுவதற்கு. மாஜிஸ்திரேட் அங்கே நீதவான். ஒரு நோட்டில் இவற்றை எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே தமிழ்தான், ஆனாலும் அந்தச் சொற்கள் பழகும்வரை பயம் போகவில்லை.

நாங்கள் நிஜமாகவே தடுமாறியது பெயரில். பாஸ்போர்ட் இல்லாதவர்களை இந்தியர் என்று உறுதிசெய்து தற்காலிகப் பயணச் சான்று கொடுத்தால்தான் விமானம் ஏற்றுவார்கள். தம்பியின் ஆதாரில் இனிஷியல் கடைசியில், மீனவர் அட்டையில் அப்பா பெயர் முழுதாக முன்னால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் கூடுதல். கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து, நோட்டரி பத்திரம் என்று இரண்டு நாள் அலைந்தேன். உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்களின் அட்டைகளை இன்றைக்கே பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது தவணையில் தீர்ப்பு வந்தது. தம்பிக்கு முதல் தடவை என்பதால் 6 மாதச் சிறையை 5 வருடத்துக்கு ஒத்திவைத்து விடுவித்தார்கள். இந்த 5 வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் அந்தத் தண்டனையும் சேர்ந்து வரும் என்று வழக்கறிஞர் இரண்டு முறை சொன்னார். படகை ஓட்டிய ஸ்ராங்குக்கு மட்டும் விடுதலை இல்லை, 6 மாதம். படகு அங்கேயே கிடக்கிறது. அதை மீட்க உரிமையாளர் பத்திரங்களோடு நேரில் போய் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். 2018இல் இலங்கையில் சட்டத்தைத் திருத்தியதில் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதமும் பல மடங்கு ஏறிவிட்டது.

கொழும்புக்கு அருகே வெளிநாட்டவரைத் தடுத்து வைக்கும் மிரிகானை முகாமில் சில நாள் வைத்திருந்து, சென்னைக்கு விமானம் ஏற்றினார்கள். மீன்வளத்துறை அதிகாரிகள் அழைத்துக்கொண்டு வேனில் அனுப்பினார்கள். இறங்கும்போது அவன் கையில் ஒரு பாலிதீன் பை. உள்ளே நீலக் கட்டம் போட்ட கைலி.

"சாரம் அக்கா. அங்க சாரம்னுதான் சொல்றாங்க. உள்ளே ஒருத்தர் கொடுத்தார்" என்றான்.

கொடுத்தவர் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பக்கத்து மீனவர், வேறு ஏதோ வழக்கில் உள்ளே இருந்தவர். அவருடைய அண்ணன் கடன் வாங்கிப் போட்ட வலையை நம் பக்கத்து விசைப்படகின் இழுவை மடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலை, ஒரே ராத்திரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். அதைத் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் சாரத்தைக் கொடுத்திருக்கிறார். இழுவை மடியை 2017இல் இலங்கையில் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். 1974இலும் 1976இலும் இரண்டு அரசுகளும் கடலில் கோடு போட்டன, நமக்கு அதில் ஆயிரம் வருத்தம் உண்டு. ஆனால் அந்த அண்ணனின் வலைக்கு யார் பதில் சொல்வது? மீனவர் பேச்சுவார்த்தை என்று செய்தி வரும்போதெல்லாம் இப்போது அந்த வலைதான் ஞாபகம் வருகிறது. தம்பி இனி மடி இழுக்கும் படகில் ஏறமாட்டேன் என்கிறான். பக்கத்து ஃபைபர் படகில் ஆள் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்ராங்கு வீட்டு அண்ணிக்கு, சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு அரசு தரும் தினப்படிக்கு இன்னும் விண்ணப்பம் போகவில்லை. வங்கிப் புத்தகத்தில் அவர் பெயரும் வேறு மாதிரி இருக்கிறது. நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் கிராம நிர்வாக அலுவலகம் போகிறோம்.