பலா மரத்தில் மடிப்புப் பல்லாங்குழி: கடலூர் பட்டறைக் குறிப்புகள்

செப்டம்பர் 6

வேலை சி.என்.சி. ரவுட்டரில்: கணினி சொல்லும் பாதையில் சுழலும் பிட்டை (வெட்டு முனையை) ஓட்டி மரத்தைக் குடையும் மெஷின். மரம் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. மில்லில் சொல்லும்போதே வைரப் பகுதி (நடுவிலுள்ள முற்றிய மரம்) மட்டும் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். வெளிறிய புறமரத்தில் பூச்சி விழும். முடிந்த பலகையின் அளவு 480 × 80 × 25 மி.மீ., இரண்டு பலகை. அறுத்து வாங்குவது 530 × 90 × 32. நீளத்தில் கூடுதலாக விட்ட 50 மி.மீ. வீண் அல்ல, பலகையை மேசையில் பொருத்தும் மர ஊசி அடிக்கத் தேவைப்படும்.

160 மி.மீ. அகலத்தில் ஒரே பலகையாக 14 குழியும் எடுக்கலாம். ஆனால் அகலம் கூடக் கூடப் பலகை குழிந்து வளையும். இரண்டாக்கிக் கீல் வைத்தால் வளைவு குறையும், சோழியையும் உள்ளேயே வைத்து மூடலாம்.

ஈரமானியில் இன்று 22 விழுக்காடு. இந்த மரத்தில் இன்று பிட் வைக்கக் கூடாது. பலகைகளுக்கு நடுவே ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) கொடுத்து, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் அடுக்க வேண்டும். வெட்டுமுனை இரண்டிலும் ஃபெவிகால் பூசினால் முனை வெடிக்காது.

அக்டோபர் 4

மானி 14 காட்டுகிறது. இதற்குக் கீழே இறங்கும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. காற்றில் ஈரம் 75, 80 விழுக்காடு இருக்கும் ஊரில் மரம் 14, 15-இல்தான் நிற்கும். மானி இல்லாதவர்கள் சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டால் போதும்: இரண்டு வாரம் தொடர்ந்து 5 கிராமுக்கு மேல் மாறவில்லை என்றால் மரம் ஊரின் காற்றோடு ஒத்துப்போய்விட்டது.

முதுகுப் பக்கத்தை முதலில் சமப்படுத்த வேண்டும். 22 மி.மீ. சமன் பிட், ஒரு சீவலுக்கு 0.5 மி.மீ. அதன் பிறகு திருப்பி முகம். இன்றைய தடிமன் 27-இல் நிற்கட்டும், 25-க்கு இப்போது இறக்க வேண்டாம். ஓரங்களை இழைத்து அகலத்தை 80-க்குக் கொண்டுவந்தாயிற்று.

பலகையைப் பிடிக்க மாஸ்கிங் டேப் வழிதான் நம்பகம்: பலகையின் முதுகில் ஒரு டேப், மேசையில் ஒரு டேப், நடுவே ஃபெவிக்விக். சமமில்லாத முதுகில் இது பிடிக்காது. கூடவே இரு முனையிலும், வெட்டிப் போடப்போகும் பகுதியில், 6 மி.மீ. துளை போட்டு அதே இடத்தில் அடிப்பலகையிலும் துளை போட்டு மர ஊசி செருக வேண்டும். கழற்றி மறுபடி மாட்டினாலும் பலகை அதே இடத்தில் உட்காரும்.

அக்டோபர் 5

முரட்டு வெட்டு. குழியின் விட்டம் 50, ஆழம் 14, மையத்துக்கு மையம் 62. கிண்ணத்தின் கோள ஆரம் 29.3 மி.மீ. (25-இன் வர்க்கமும் 14-இன் வர்க்கமும் கூட்டி 28-ஆல் வகுத்தால் வரும்). தட்டையான அடி வைத்தால் வேலை சுலபம், ஆனால் மூலையில் சோழி ஒட்டிக்கொள்ளும். விரலால் வழித்து எடுக்க முடியாத குழி பல்லாங்குழிக்கு ஆகாது.

800 வாட் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்), 6 மி.மீ. இரண்டு பல் தட்டை பிட், நிமிடத்துக்கு 16,000 சுற்று. ஒரு பல்லுக்கு 0.04 மி.மீ. சில்லு என்றால் 16,000 × 2 × 0.04 = நிமிடத்துக்கு 1,280 மி.மீ. ஃபீட் (பிட் நகரும் வேகம்). ஒரு அடுக்குக்கு 2 மி.மீ. ஆழம். நேராகக் குத்தி இறக்காமல் சுருளாக இறக்க வேண்டும். பயந்து ஃபீடை 500-க்குக் குறைத்தால் சில்லு 0.016 மி.மீ. ஆகிவிடும், பிட் வெட்டாது, தேய்க்கும், மரம் கருகும். சில்லு சில்லாக விழ வேண்டும். மாவாகப் பறந்தால் ஃபீட் போதவில்லை, அல்லது பல் மழுங்கிவிட்டது.

சுவரில் எல்லாப் பக்கமும் 1 மி.மீ. விட்டு நிறுத்தி, பலகையைக் கழற்றி வைத்தாயிற்று. ஒரே முகத்தில் இவ்வளவு மரத்தைக் குடைந்து எடுத்ததும் உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து பலகை அசையும். இன்றே முடித்தால் அந்த அசைவு முடிந்த பலகையில் தெரியும்.

அக்டோபர் 11

ஆறு நாளில் ஒரு பலகை நடுவில் அரை மி.மீ. தூக்கியிருக்கிறது. முதுகில் 1, முகத்தில் 1 சீவியதும் 25-க்கு வந்தது, வளைவும் போயிற்று.

இனி 6 மி.மீ. உருண்டை பிட். ஸ்டெப்ஓவர் (அடுத்தடுத்த பாதைகளின் இடைவெளி) 0.6 மி.மீ. வைத்தால் இரு பாதைக்கு நடுவே நிற்கும் வரப்பு 0.015 மி.மீ.; 1 மி.மீ. வைத்தால் 0.042. முதலாவதை 180 உப்புத்தாள் சீக்கிரமே எடுத்துவிடும், இரண்டாவது மணிக்கட்டை வாங்கும். 0.6-இல் ஒரு குழிக்கு 3 நிமிடம் போல ஆகிறது, அது கொடுக்கத் தக்க நேரம்.

பலாவின் ரேகை ஒரே சீராக ஓடாது, அடுத்தடுத்த பட்டையில் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். வட்டமாக வெட்டும்போது நான்கு கால்வட்டத்தில் இரண்டில் பிட் ரேகையோடு போகும், எதிரெதிரான மற்ற இரண்டில் ரேகையை எதிர்க்கும். சிராய் பெயர்வது அந்த இரண்டு இடத்தில்தான், அதுவும் மேல் விளிம்பில். குழிக்குள் பிட் இடஞ்சுழியாகப் போகும்படி கிளைம் முறையில் (பல் தடித்த சில்லில் தொடங்கி மெலிதாக முடிக்கும்படி) பாதை போட்டால் பெயர்வது வெகுவாகக் குறையும். கிளைம் வெட்டு பிட்டை முன்னே இழுக்கும், அதனால் பெல்ட் தளர்ந்த மெஷினில் மெல்லிய இறுதி வெட்டுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

குழியின் அடியில் ஒரு பளபளப்பான புள்ளி நிற்கும். உருண்டை பிட்டின் நுனியில் வெட்டு வேகம் பூஜ்யம், அங்கே மரம் நசுங்கத்தான் செய்யும். ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்ததும் தேய்த்தால் போய்விடும்.

விளிம்பை 90 பாகை வி-பிட்டால் 1 மி.மீ. மழுக்கினேன்: நுனி 5 மி.மீ. ஆழத்தில், பாதையின் ஆரம் 21. நுனி 2, ஆரம் 24 என்று வைத்தாலும் அதே 1 மி.மீ. வரும், ஆனால் அங்கே கிண்ணத்தின் ஆழம் 1.5 தான், நுனி சுவரில் கீறிவிடும்.

பிட் மாற்றும்போது இசட் பூஜ்யத்தை (உயர அளவின் தொடக்கப் புள்ளியை) மட்டும் புதிதாக எடுக்க வேண்டும். நீள, அகல அளவுகளான எக்ஸ், ஒய் பூஜ்யங்களைத் தொட்டால் குழியின் ஒரு பக்கத்தில் பிறை போல் ஒரு படி விழும்.

அக்டோபர் 12

மழைக்காலம் தொடங்கும் நேரம், மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் போகும். ஒவ்வொரு குழிக்கும் தனி ஜி-கோடு கோப்பு (மெஷினுக்கான கட்டளைக் கோப்பு) வைத்தால் போகிற குழியோடு நட்டம் முடியும். மெஷினில் லிமிட் சுவிட்ச் (ஓட்டத்தின் எல்லையை உணரும் சுவிட்ச்) இருந்து, பூஜ்யத்தை ஜி54 என்ற கட்டளை இடத்தில் பதிந்திருந்தால் மெஷினை ஓட்டும் மென்பொருளான ஜி.ஆர்.பி.எல். அதை நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் வந்ததும் ஹோமிங் செய்து (மெஷினை லிமிட் சுவிட்ச் வரை ஓட்டி இடத்தை அறியவைத்து) தொடரலாம். ஜி92 என்ற தற்காலிகக் கட்டளையில் போட்ட பூஜ்யம் அழிந்துவிடும்.

வேலை முடிந்ததும் மெஷினின் தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய். உப்புக்காற்றில் மரத்தூள் ஈரத்தை இழுத்து வைத்துத் துருவை வளர்க்கும்.

அக்டோபர் 18

கீல் பித்தளை, திருகும் பித்தளையே. குழிக்கும் குழிக்கும் நடுவே, மரம் அதிகம் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கீலை மூடிப் பிடித்து வெர்னியரில் மொத்தத் தடிமனை அளந்து, அதில் பாதி ஆழத்துக்கு இரு பலகையிலும் 3 மி.மீ. பிட்டால் பள்ளம். மூலையில் நிற்கும் 1.5 மி.மீ. வளைவை உளியால் எடுக்க வேண்டியதுதான்.

மூடி நிற்க 8 × 3 மி.மீ. காந்தம். பள்ளம் 8.2 விட்டம், 3.2 ஆழம், ஒட்ட அரால்டைட். ஒரு பலகையில் ஒரு காந்தம் ஒட்டிக் காய்ந்த பிறகு, மற்றக் காந்தத்தை அதன் மேல் தானாக ஒட்டவிட்டு, வெளியே தெரியும் முகத்தில் பேனாவால் குறியிட வேண்டும். அந்தக் குறி மறு பலகைப் பள்ளத்தின் அடிப்பக்கம் போக வேண்டும்.

அக்டோபர் 26

120, 180, 240 உப்புத்தாள். அரக்கு பாலிஷ் இன்று வேண்டாம். மழை ஈரத்தில் அது பால் போல் வெளுத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சு, 20 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். குழிகளை மேலோட்டமாகத் துடைத்தால் அடியில் எண்ணெய் தேங்கிப் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்கு.